மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல். பெண் பார்க்கும் வீட்டிலும் அது பயன்படுகிறது. பொதுக்கூட்ட மேடையிலும் பயன்படுகிறது. தலை கவிழ்ந்து நிற்கும் பெண்ணின் பேசாமை இசைவாகக் கொள்ளப்படுகிறது. "எவருக்கும் மறுப்பில்லை என்று எண்ணுகிறேன்" என்று சங்கத் தலைவர் கூறுகிறார். ஒரு நொடி அவையை நோக்குகிறார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்துவிடுகிறார். வகுப்பறையில் ஆசிரியர், "எல்லாருக்கும் விளங்கியதா?" என்று வினவுகிறார், நாற்பது பிள்ளைகளும் வாய் திறவாதிருக்கவே, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். இவ்விடங்கள் யாவற்றிலும் ஒரே கொள்கைதான் நின்று ஆட்சி செய்கிறது. மறுக்காதவன் ஒப்புக்கொண்டவன் என்பதே அக்கொள்கை.

இக்கொள்கை அறத்தோடு பொருந்துமா? பேசாதிருப்பவன் பேச விருப்பமின்றிப் பேசாதிருக்கிறானா, பேச இயலாமையால் பேசாதிருக்கிறானா என்பதை அறியும் வழி என்ன? பேசாமைக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு உண்டு? பேசாதவனுக்கா, அவனுடைய பேசாமையால் பயன் பெறுபவனுக்கா?

இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பேரறிஞர்களின் நூல்களையே புரட்ட வேண்டும் என்பதில்லை. இன்று அலுவலகங்களிலும் இல்லங்களிலும் நாள்தோறும் நிகழும் ஓர் எளிய செயலே போதும். கணினியின் பழைய திரையை அகற்றிவிட்டுப் புதிய திரையைப் பொருத்தி, அதற்கேற்ப அமைப்புகளை மாற்றுவதே அச்செயல். உயிரற்ற பொறி ஒன்று மனிதனுடைய மௌனத்தை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்று, அப்பொறிக்கான கட்டளைகளை எழுதியோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் கண்ட முடிவு மேற்கூறிய பழமொழிக்கு நேர்மாறானது.

திரையின் இயல்பு

கணினியின் உறுப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி இயக்குவது இயங்குதளம் எனப்படும். அவற்றுள் ஒருவகை, திறந்த மூல இயங்குதளம். அதனை ஆக்கிய கட்டளைகளின் முழு எழுத்து வடிவமும் எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் தக்கவாறு வெளியிடப்பட்டிருக்கும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய இயங்குதளங்கள் அதனை அடிப்படையாகக் கொண்டு எழுந்தவை. 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற க்னோம் என்னும் திட்டத்தினர் ஆக்கிய திரைமுகமே இம்மூன்றிலும் இன்று முதன்மையாக வழங்கப்படுகிறது.

கணினித் திரை என்பது ஒளிப்புள்ளிகளின் பரப்பு. பழைய சதுரப் பாங்கான திரையொன்றில் 1280க்கு 1024 என்ற கணக்கில் 13,10,720 புள்ளிகள் இருக்கும். அகன்ற திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் இருக்கும். இப்புள்ளிகள் பெரும்பாலான திரைகளில் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. கணினி அனுப்பும் காட்சி, திரை ஏற்கத்தக்க அளவிலும் வேகத்திலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்துகள் மங்கும். உருவங்கள் அகன்றோ குறுகியோ தோன்றும். சில வேளைகளில் திரை முழுதும் இருண்டுவிடும்.

1990ஆம் ஆண்டுகளில் லினக்ஸைப் பயன்படுத்தியோர் இவ்வளவுகளைத் தாமே ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. திரையுடன் வந்த கையேட்டைப் பார்த்து, அதன் கிடைவேகம் இவ்வளவு, நெடுவேகம் இவ்வளவு என்று குறித்தனர். தவறான எண்ணை எழுதினால் அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகள் பழுதடையவும் கூடும் என்று வழிகாட்டி நூல்கள் எச்சரித்தன. திரையை மாற்றிய பின்பும் கோப்பு பழைய திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். கணினியும் அக்கோப்பையே நம்பி, இல்லாத திரைக்குரிய கட்டளையை இருக்கின்ற திரைக்கு இடும். அங்குப் பொய் கூறியவர் எவருமிலர். ஆயினும் விளைவு இருளே. முன்பு உண்மையாக இருந்த ஒன்றை, ஆள் மாறிய பின்பும் உண்மையெனக் கொண்டதனால் வந்த கேடு அது.

இக்குறையை நீக்க, 1994ஆம் ஆண்டில் வீசா என்னும் தொழிற்கூட்டமைப்பு ஒரு முறையை வகுத்தது. ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய செய்தியைத் தன்னுள்ளேயே தாங்கியிருக்கும். கணினி வினவும்போது அதனைத் தெரிவிக்கும். 128 பைட்டுகள் கொண்ட அச்சிறு குறிப்பில் ஆக்கியோரின் மூன்றெழுத்துக் குறி, வகை எண், வரிசை எண், செய்யப்பட்ட ஆண்டு, அகல உயரம், தனக்கு உகந்த அளவு ஆகியவை அடங்கியிருக்கும். 128 பைட்டுகளின் மதிப்புகளையும் கூட்டினால் 256ஆல் மீதமின்றி வகுபடுமாறு இறுதிப் பைட்டு அமைக்கப்படும். மீதம் வருமாயின், செய்தி வழியில் சிதைந்தது என்று கணினி உணர்ந்துகொள்ளும்.

கட்டளையிடுவதற்கு முன் வினவுதல், கிடைத்த விடையைச் சரிபார்த்தல் என்னும் இரண்டு நற்பழக்கங்களைப் பொறி இவ்வாறு கற்றுக்கொண்டது. ஆயினும் இவ்விரண்டும் போதவில்லை.

வினவிய பின்னும் வரும் இருள்

திரை தன் உயர்ந்த அளவை உண்மையாகவே கூறியிருக்கலாம். ஆனால் இடையிலுள்ள கேபிள் அவ்வளவு காட்சியைச் சுமக்கும் ஆற்றலற்றதாக இருக்கலாம். இரு கணினிகளுக்கு ஒரே திரையைப் பகிர்ந்தளிக்கும் பெட்டி, திரையின் விடையைக் கணினிக்குக் கொண்டு சேர்க்காமல் விடலாம். இரண்டு திரைகள் இணைக்கப்பட்டிருக்க, காட்சி முழுவதும் அணைந்து கிடக்கும் திரைக்குச் சென்றுவிடலாம். எழுத்தின் அளவைப் பன்மடங்கு பெருக்கியதனால், அழுத்த வேண்டிய பொத்தான் திரையின் விளிம்புக்கு அப்பால் மறைந்துவிடலாம். அளவைக் குறைத்ததனால், முதியவர் ஒருவருக்கு அதே பொத்தான் எறும்பினும் சிறிதாகிப் படிக்க முடியாமற் போகலாம்.

அளவுகள் யாவும் கணக்கின்படி சரியாக இருந்தும், திரைமுன் அமர்ந்தவருக்குக் காட்சி கிட்டாத நிலை இது. அவருக்குத் தெரிகிறதா என்பதை எந்த ஏட்டிலிருந்தும் அறிய இயலாது. அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேள்வியும் அதே திரையில்தான் தோன்ற வேண்டும். திரை இருண்டிருந்தால் கேள்வியை அவர் காணமாட்டார். காணாத கேள்விக்கு விடையும் கூறமாட்டார். சிக்கல் இதுவே: எவரிடம் கேட்க வேண்டுமோ, அவருடைய விடை கூறும் வாயிலையே அம்மாற்றம் அடைத்துவிட்டிருக்கிறது.

இருபது விநாடிகள்

க்னோம் திரைமுகத்தில் ஒருவர் திரையின் அளவை மாற்றி, அம்மாற்றத்தைச் செயற்படுத்தும் பொத்தானை அழுத்தியதும், கணினி அதனை உடனே நிறைவேற்றுகிறது. பின்னர் ஒரு கேள்வியை முன்வைக்கிறது: இந்த அமைப்பை வைத்துக்கொள்ளலாமா? அதன்கீழ், 20 விநாடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற அறிவிப்பும், குறைந்துகொண்டே செல்லும் எண்ணும் தோன்றுகின்றன. "வைத்துக்கொள்" என்னும் பொத்தானை அழுத்தினால் புதிய நிலை நிலைபெறும். ஒன்றும் செய்யாதிருந்தால், 20 விநாடிகள் கழிந்ததும் பழைய நிலை தானே மீண்டுவிடும். இருண்ட திரை மறுபடியும் ஒளிபெறும்.

இவ்வேற்பாடு திறந்த மூல இயங்குதளங்களுக்கு மட்டும் உரியதன்று. பிற இயங்குதளங்களும் இதனைக் கைக்கொள்கின்றன. எனினும் திறந்த மூலத்தில், அந்த இருபது என்னும் எண்ணும் அதனைச் சார்ந்த விதியும் எவரும் படிக்கத்தக்கவாறு வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. மௌனத்தை எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதை அதனை ஆக்கியோர் மறைத்துவைக்கவில்லை.

ஈண்டு மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படுகிறது. ஏன்? மௌனத்திற்குக் காரணம் பலவாக இருக்கலாம். பயன்படுத்துவோர் எழுந்து சென்றிருக்கலாம்; சிந்தித்துக்கொண்டிருக்கலாம்; இருளில் தவித்துக்கொண்டிருக்கலாம். எது உண்மை என்று கணினி அறியாது. அறியாத நிலையில் அது இரு பிழைகளை எடைபோடுகிறது. நலமாக இருந்த புதிய நிலையைத் தவறாகத் திருப்பிவிட்டால், பயன்படுத்துவோர் மறுபடியும் ஒருமுறை முயல வேண்டும்; அரை நிமிட இழப்பு. இருண்ட நிலையைத் தவறாக நிலைநாட்டிவிட்டால், அவர் தம் கணினியையே இழந்தவர்போல் ஆகிவிடுவார். முன்னது சிறு தொல்லை, பின்னது பெருங்கேடு. ஆகவே, ஐயம் நேரும்போது பெருங்கேட்டைத் தவிர்க்கும் பக்கமே சாய்வது அறிவுடைமை.

இதனுள் அடங்கிய அறத்தை இவ்வாறு கூறலாம். எந்த மாற்றம், அதனால் துன்புறுவோரின் வாயையே அடைத்துவிடக் கூடுமோ, அந்த மாற்றத்தில் அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் தகாது.

பேச இயலாதோர்

இவ்வறத்தை மனித வாழ்வில் பொருத்திப் பார்க்கும்போதுதான் அதன் ஆழம் விளங்கும். கிட்டப்பார்வையுடைய சிறுவன் ஒருவன் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்த்தப்படுகிறான். பலகையில் எழுதப்படுவது அவனுக்குப் புகைபோல் தெரிகிறது. அவன் ஆசிரியரிடம் முறையிடுவதில்லை. அச்சத்தினால் மட்டும் அன்று. பலகை எல்லாருக்கும் அவ்வாறுதான் தெரிகிறது என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். தெளிவு என்பது எப்படியிருக்கும் என்று அறியாதவன், தெளிவின்மையைக் குறையாகச் சொல்வது எங்ஙனம்? ஆண்டிறுதியில் மதிப்பெண் குறைந்ததும், "மந்தபுத்தி" என்னும் பட்டம் அவனுக்குச் சூட்டப்படுகிறது. மௌனத்தைத் தவறாகப் படித்த பிழை ஆசிரியருடையது, தண்டனை சிறுவனுக்கு.

மலேசியாவில் 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதனுள் அடங்கின. 2009ஆம் ஆண்டில் அதனைக் கைவிட அரசு முடிவு செய்தது. அத்திட்டம் நன்றா தீதா என்பது ஈண்டு வினாவன்று. அதற்குச் சார்பாகவும் எதிராகவும் அறிவார்ந்த வாதங்கள் உண்டு. ஈண்டு எண்ணத்தக்கது வேறொன்று. அந்த ஆறு ஆண்டுகளில் பெற்றோர் பேசினர், கல்வியாளர் பேசினர், அரசியல் தலைவர்கள் பேசினர். ஆனால் அம்மாற்றம் யாருடைய புத்தகப்பைக்குள் நுழைந்ததோ, அந்த ஏழு வயதுப் பிள்ளை பேசவில்லை. பாட மொழி விளங்காத பிள்ளை, "எனக்கு விளங்கவில்லை" என்பதை அம்மொழியிலேயே எவ்வாறு கூறும்? கேள்வியும் விடையும் தோன்ற வேண்டிய திரையே அதற்கு இருண்டிருந்தது. மொழி மாற்றம் எந்நாட்டில், எத்திசையில் நிகழ்ந்தாலும் இவ்விடர்ப்பாடு உண்டு. ஆகவே அத்தகைய மாற்றங்களில், பிள்ளைகள் முறையிடவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுவது எவர்க்கும் தகாது.

இல்லத்திலும் இது நிகழ்கிறது. முதிய தாயை மகன் ஊர்ப்புறத்து வீட்டிலிருந்து நகரத்து அடுக்குமாடி வீட்டிற்கு அழைத்து வருகிறான். அன்பினால்தான் அழைத்து வருகிறான். "அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு இங்கே பிடித்திருக்கிறது" என்று உறவினரிடம் கூறுகிறான். பேசிப் பழகிய அண்டைவீட்டாரும், நடந்து பழகிய பாதையும், நாள்தோறும் சென்ற கோயிலும் அகன்றுவிட்ட பிறகு, அத்தாய் யாரிடம் என்ன சொல்வார்? சொல்லும் இடத்தையே மாற்றம் விழுங்கிவிட்டது. மகனுக்குப் பாரமாகிவிடலாகாது என்னும் எண்ணமும் அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

மறுப்புரைகள்

இக்கொள்கைக்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. "பேசாதவர் எல்லாரும் மறுப்பவர் என்று கொண்டால் உலகம் நடைபெறுமா? ஒரு சங்கமாவது தீர்மானம் நிறைவேற்ற முடியுமா?" என்பது அவர்கள் வினா. இது நியாயமான வினாவே. கணினியே இதற்கு விடை கூறுகிறது. திரையின் பின்னணிப் படத்தை மாற்றும்போது அது அவ்வாறு கேட்டு நிற்பதில்லை. ஒலியின் அளவைக் குறைக்கும்போதும் கேட்பதில்லை. ஏனெனில் அம்மாற்றங்கள் பிடிக்கவில்லையாயின், பயன்படுத்துவோர் தாமே பார்த்துத் தாமே திருத்திக்கொள்ளலாம். பார்வையையே பறிக்கத்தக்க மாற்றத்தின்போது மட்டும் அது நின்று கேட்கிறது. ஆண்டு விழாவின் நாள் எது என்பதில் உறுப்பினரின் மௌனத்தை இசைவாகக் கொள்வதில் தவறில்லை. உறுப்பினர் சிலரின் வாக்குரிமையையே நீக்கும் தீர்மானத்தில் அவ்வாறு கொள்வது தவறு. அத்தீர்மானம் நிறைவேறிய பின் அவர்கள் வாய் திறக்க முடியாது அன்றோ?

"தனக்கு வேண்டியதைப் பேசிப் பெறுவது அவனவன் கடமை, பேசாமல் இருந்துவிட்டுப் பிறரைக் குறை கூறலாமா?" என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் ஓர் உண்மை இருக்கிறது. எக்ஸ் சாளர முறையில் இயங்கும் கணினிகளில், துறையறிவுடையோர் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையைத் தட்டெழுதித் திரையின் அளவை மாற்றுவதுண்டு. அவ்வழியில் கேள்வியுமில்லை, இருபது விநாடிக் காவலுமில்லை. இட்ட கட்டளை உடனே நிறைவேறும். திரை இருண்டாலும் இருண்டதே. கோப்பில் தம் கையால் எழுதி வைப்பவருக்கும் அவ்வாறே. அறிந்தவர், தமக்குத் தாமே கட்டளையிடும்போது அதன் விளைவையும் தாமே ஏற்கின்றார் என்று அங்குக் கொள்ளப்படுகிறது. அது முறையே. ஆனால் கடமை என்பது ஆற்றலைத் தொடர்ந்து வருவது. பேசும் ஆற்றல் உடையவனுக்கே பேசும் கடமை உண்டு. மேலும், தனக்காகக் கட்டளையிடுவோன் காவலை நீக்கிக்கொள்ளலாம். பிறர்க்காகக் கட்டளையிடுவோன் அவ்வாறு நீக்குதல் கூடாது. அதிகாரத்தில் இருப்போர் பலர் செய்யும் பிழை இதுவே. தம் துணிவைப் பிறர் கண்களின்மேல் சோதித்துப் பார்க்கின்றனர்.

மூன்றாவது மறுப்பு இவ்விரண்டினும் கடுமையானது. "பழைய நிலையே தீமையாக இருந்தால் என் செய்வது? மௌனத்தை மறுப்பாகக் கொண்டால், பழைய தீமைக்கே என்றும் வெற்றியன்றோ?" இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. தலைமுறை தலைமுறையாக அடங்கிக் கிடந்தோர், விடுதலையைக் கண்டும் முதலில் வாய் திறவாமல் நிற்பதுண்டு. அந்த மௌனத்தைக் காட்டி, "அவர்கள் மாற்றத்தை விரும்பவில்லை" என்று கூறுவோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். ஆகவே ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். கணினி பழைய நிலைக்குத் திரும்பும்போது கதவை அடைத்துவிடுவதில்லை. அடுத்த நொடியே மறுபடியும் முயலலாம். வேறோர் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். கேபிளை மாற்றிப் பார்க்கலாம். மௌனத்தை மறுப்பாகக் கொள்வது, கேட்பவருடைய பணி முடிந்தது என்று பொருள்படாது. பணி இன்னும் முடியவில்லை என்றே பொருள்படும். வேறு மொழியில், வேறு வகையில், அஞ்ச வேண்டாத இடத்தில் மறுபடியும் கேட்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

திரும்பும் வழி

இன்னொன்றும் கருதத்தக்கது. பழைய நிலைக்குத் திரும்புவதற்குப் பழைய நிலை அழியாமல் காக்கப்பட்டிருக்க வேண்டும். க்னோம் திரைமுகம், ஒவ்வொரு திரைக்கும் உரிய அமைப்பை அதன் ஆக்கியோர் பெயர், வகை, வரிசை எண் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது. புதிய திரை வந்து சேர்ந்தால், பழைய திரையின் அமைப்பை அதன்மேல் சுமத்துவதில்லை. அதனிடமே வினவி, அதற்கு உகந்ததைத் தொடக்கமாகக் கொள்கிறது. பழைய திரை என்றேனும் மறுபடியும் இணைக்கப்பட்டால், அதற்குரிய பழைய அமைப்பையே அதற்கு வழங்குகிறது. பழையதை மறப்பதுமில்லை, புதியதன்மேல் அதனை ஏற்றுவதுமில்லை. பல்லாண்டு அனுபவமுள்ள ஆசிரியர் புதிய மாணவனை எதிர்கொள்ள வேண்டிய முறையும் இதுவே. அண்ணனைக் கற்பித்த நினைவைக் கொண்டு தம்பியை அளந்துவிடுதல் எத்தனை வகுப்புகளில் நிகழ்கிறது!

திரும்ப முடியாத செயல்களும் உலகில் உள்ளன. வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. இடித்த வீட்டை, அதில் வாழ்ந்த நினைவுகளோடு எழுப்ப முடியாது. மருத்துவர் அகற்றிய உறுப்பை மீட்க முடியாது. இவற்றில் இருபது விநாடிக் காவல் பயன்தராது. செய்த பின்பு கேட்பதற்கு அங்கு இடமே இல்லை. அத்தகைய செயல்களில் மௌனத்தை மறுப்பாகக் கொள்வதோடு நிற்காமல், தெளிந்த வாய்ச்சொல்லைப் பெற்ற பின்னரே கை வைத்தல் வேண்டும். திருத்தக்கூடிய செயலுக்குச் செய்துபார்த்துக் கேட்பது போதும். திருத்த முடியாத செயலுக்குக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்த அதிகாரமே கொடுமையாகிறது.

பொறியினும் மேலான கடமை

இவ்வளவும் கூறியதனால், பொறி மனிதனைவிட அறமுடையது என்று எவரும் கருதிவிடலாகாது. அது எண்ணுகிறது, எண்ணி முடித்ததும் திரும்புகிறது. இருளில் தவிப்பவருக்கும் தேநீர் அருந்தச் சென்றவருக்கும் அதனிடம் வேறுபாடில்லை. முகத்தைக் காணும் கண் அதற்கு இல்லாமையாலேயே, விநாடிகளை எண்ண வேண்டியதாயிற்று. அது கைக்கொள்ளும் அறமும் அதனுடையதன்று. யாரோ ஒரு மனிதர், முன்பின் அறியாத மற்றொரு மனிதர் இருளில் அமர்ந்திருப்பதை மனக்கண்ணால் கண்டு, அவருக்காக எழுதி வைத்த இரக்கம் அது.

மனிதனுக்கோ கண் இருக்கிறது. திருவள்ளுவர் "குறிப்பறிதல்" என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்களை அமைத்துள்ளார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவைக்கும் அது வேண்டும். அன்புடையார் இருவரிடையேயும் அது வேண்டும் என்பது அவ்வமைப்பால் பெறப்படும். சொல்லாததை முகத்தால் உணர்வதைத் தமிழர் ஓர் அறிவாகப் போற்றினர். அவ்வறிவு உடைய மரபில் வந்தோர், பிறர் மௌனத்தைத் தமக்கு வேண்டியவாறு பொருள் செய்துகொள்ளும் பழமொழியையும் கைவிடாமல் வைத்திருப்பது முரண்பாடே. மௌனம் ஒரு விடையன்று. அது விடை கிட்டாத கேள்வி. அதன் பொருளைத் தேடிச் செல்லும் பொறுப்பு, கேட்டவரைச் சார்ந்தது. அதிலும் ஆற்றலும் பதவியும் உடையவரையே பெரிதும் சார்ந்தது.

"எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடலாகாது. கடைசி வரிசைக்கு நடந்து சென்று, அங்கு அமர்ந்து, பலகை எவ்வாறு தெரிகிறது என்று தாமே பார்க்க வேண்டும். சங்கத் தலைவர், "மறுப்பில்லை என்று எண்ணுகிறேன்" என்னும்முன், பேசினால் இழப்புக்கு உள்ளாவோர் அவையில் இருக்கின்றனரா என்று எண்ண வேண்டும். மகன் தன் தாயிடம், "இங்கே வசதியாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டால் மட்டும் போதாது. திரும்பிச் செல்லும் வழியும் திறந்தே இருக்கிறது என்பதை அவருக்கு உணர்த்திய பின் கேட்க வேண்டும். திரும்ப வழியில்லாத இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் "ஆம்" என்னும் விடைக்கும் மதிப்பில்லை; மௌனத்திற்கு மதிப்பு ஏது?

புதிய திரையைப் பொருத்தும் எவருக்கும் அந்த இருபது விநாடி ஒரு சிறு தடையாகவே தோன்றும். பொத்தானை அழுத்திவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்வார். அவருக்குக் காட்சி தெரிந்துவிட்டதனால் அந்தக் காத்திருப்பின் அருமை தெரிவதில்லை. அது அவருக்காக அமைக்கப்பட்டதும் அன்று. தெரியாதவருக்காக அமைக்கப்பட்டது. பள்ளியிலும், சங்கத்திலும், இல்லத்திலும், ஆட்சியிலும் அமைக்கப்படும் விதிகள், தெரிகிறது என்று சொல்லக்கூடியவரை மட்டும் நினைந்து அமைக்கப்படாமல், தெரியவில்லை என்று சொல்லவும் இயலாதவரை நினைந்து அமைக்கப்படுமாயின், அங்கே நீதி தழைக்கும்.